அக்காவுக்காக அப்பா கேட்ட மன்னிப்பு

தினமும் காலை ஆறு மணிக்கு நம் பள்ளித் தோழிகள் குழுவில் யாராவது ஒருத்தி புத்தர் படம் அனுப்பிவிடுகிறாள். தாமரை, பின்னால் உதிக்கிற சூரியன், கீழே இரண்டு வரி. பணிவாயிரு, அமைதியாயிரு, எல்லாம் கடந்துபோகும். உடனே இருபது பேர் கும்பிடு போடுகிறீர்கள். நான் மட்டும் போடுவதில்லை என்று கண்டுபிடித்து, போன வாரம் ஒருத்தி போன் செய்தே கேட்டுவிட்டாள். "உனக்கு இன்னாடி புத்தர் மேல அவ்ளோ கடுப்பு?"

புத்தர் மேல் எனக்கு ஒரு கடுப்பும் இல்லை. சொல்லப்போனால் உங்கள் எல்லோருக்கும் முன்பே எனக்கு அவரைத் தெரியும். கைபேசி வருவதற்கு முன்பே, பம்மலில் எங்கள் வீட்டு உள்கதவின் பின்பக்கத்தில் அவர் சாக்பீஸ் எழுத்தாகக் குடியிருந்தார். அதைச் சொல்ல ஆரம்பித்தால் குழுவில் இடம் போதாது. அதனால் இங்கே எழுதுகிறேன். என் அக்காவை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். நமக்கு நான்கு வகுப்பு மேலே. ரெட்டைப் பின்னல், மை படிந்த நடுவிரல், கணக்கில் புலி. பத்தாம் வகுப்பு முடிந்ததும் பள்ளியிலிருந்து காணாமல் போனாள். ஏன் போனாள் என்று உங்களுக்குச் சொல்லப்பட்ட கதையும் எனக்குத் தெரியும். அதைத்தான் இப்போது திருத்தப்போகிறேன்.

முதலில் அப்பா. அவர் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். நீல யூனிஃபார்மில் எண்ணெய் வாசனை, தெருவில் தோல் வாசனை. இரண்டும் கலந்ததுதான் எங்கள் சாயங்காலம். பம்மலில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்பில் ஊறிய தோலின் நாற்றம் மூக்குக்குப் பழகிவிடும், நாக்குக்குப் பழகவே பழகாது. கிணற்றுத் தண்ணீர் ஆறிப்போன டீ நிறத்தில் இருக்கும். தலைக்கு மேல் விமானம் தாழப் பறந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். சண்டையைக்கூட அப்படித்தான் தொடர்வார்கள்.

எங்கள் வீட்டில் சண்டை நிறைய நடந்தது. அப்பாவுக்குக் கை நீட்டுகிற பழக்கம். அம்மாவுக்கு இடது காது சரியாகக் கேட்காது. பிறவியிலிருந்தே அப்படி என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். நான் எல்.கே.ஜி. படிக்கும்போது அந்தக் காது நன்றாகக் கேட்டது என்பது எனக்கு நினைவிருக்கிறது.

ஒருநாள் ஷெட்டில் ஃபோர்மேன் எங்கள் சாதியைச் சொல்லி ஒரு வார்த்தை விட்டார். அப்பா அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார். ஃபோர்மேனுக்கு ஒரு பொத்தான் அறுந்தது, அப்பாவுக்கு மூன்று மாத சஸ்பென்ஷன். அந்த மூன்று மாதத்தில்தான் கூட வேலை செய்த ஒருவர், சைக்கிள் கடை மாடியில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவரை அழைத்துப் போனார். வெள்ளைச் சட்டை போட்ட பதினைந்து இருபது பேர். ஒரு புத்தர் படம், ஒரு ஊதுபத்தி, கோரைப் பாய். யாரையும் யாரும் சாதி கேட்காத ஒரு மாடி. அந்த மாடிப்படி ஏறும்போது மட்டும் அப்பா கைப்பிடியைப் பிடிக்காமல் நிமிர்ந்து ஏறுவார்.

அங்கிருந்து வந்தவர் உள்கதவின் பின்னால் எட்டுச் சொற்கள் எழுதினார். லாபம், நட்டம். பேர், பேர்கேடு. புகழ்ச்சி, பழி. இன்பம், துன்பம். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். தெருவில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள்.

"இந்த எட்டும் காத்து மாதிரி. வரும், போகும். நாம மலையாட்டம் நிக்கணும்" என்றார்.

"மலையா?" என்றாள் அம்மா. "மொதல்ல தண்ணி லாரி வந்தா கொடத்த எடுத்துக்கினு போயி நில்லுங்க. மலை அப்பால ஆவலாம்."

அப்பா குடத்தை எடுத்துக்கொண்டு போனார். போய் எல்லோருக்கும் வழிவிட்டார். அரைக்குடம் தண்ணீரோடு திரும்பி வந்தார். எதிர்வீட்டு அத்தை இடுப்பில் இரண்டு, தலையில் ஒன்றாக வைத்துக்கொண்டு போகிறபோது கத்தினாள். "வழி விடுங்கடி, புத்தரு வர்றாரு! காலி கொடத்தோட ஞானம் வாங்கிக்கினு வர்றாரு!" தெருவே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். பழைய அப்பாவாக இருந்தால் குடம் பறந்திருக்கும்.

அதுதான் விஷயம். அவர் உண்மையாகவே மாறினார். கோபம் வந்தால் நெஞ்சில் கையை வைப்பார், மூன்று மூச்சு விடுவார், அப்புறம்தான் பேசுவார். அம்மாவை அதற்குப் பிறகு ஒருமுறைகூட அடிக்கவில்லை. அடிவிழாத வீட்டின் மதிய நேரம் எப்படியிருக்கும் என்று எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது அந்த வருஷம்தான். அம்மா ரேடியோவை வலது காதுப்பக்கம் வைத்துக்கொண்டு, கால் நீட்டி, அரிசி பொறுக்குவாள். அந்த ரேடியோவும் போய்விட்டது, பச்சைக் கண்ணாடி முள் வைத்தது. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

வீட்டில் அப்பாவின் முதல் சிஷ்யை நான்தான். எனக்குப் பதினோரு வயது. எதில் இறங்கினாலும் தலைகீழாக இறங்குகிற பிள்ளை. மூன்று மூச்சு என்றால் நான் ஆறு விடுவேன். வகுப்பில் ஒருத்தி என் வெள்ளைச் சட்டையில் பேனாவை உதறியபோது அவளுக்கு முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் பயந்துபோய் அழுதுவிட்டாள். டீச்சர் என்னை மேசைமேல் ஏற்றி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். பணிவில் முதல் ரேங்க் வாங்கிவிட்டேன் என்று அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. அது நம் வகுப்புதான். கைதட்டியவர்களில் நீங்களும் உண்டு.

அக்கா அப்படியில்லை. அவள் கேள்வி கேட்பாள்.

"புகழ்ச்சியும் பழியும் ஒண்ணுன்னா, பரீட்சையில நூறும் சைபரும் ஒண்ணாப்பா?"

அப்பா சிரித்தார். "அது வேறம்மா. மார்க்குங்கறது உன் உழைப்பு."

"அப்ப உழைப்பை யாராச்சும் எடுத்துக்கிட்டா?"

"எடுத்துக்கினு எங்க போவாங்க? அறிவு உங்கிட்டதான இருக்கும்."

அக்கா லாக் டேபிள் புத்தகத்தைத் திறந்துகொண்டாள். எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புவரை வந்த முதல் பெண் அவள். பதினொன்றில் அதே பள்ளியில் கணக்குப் பிரிவு எடுப்பது, அங்கிருந்து கிண்டிப் பக்கம் எங்காவது இன்ஜினியரிங் என்று எல்லாம் முடிவு செய்து வைத்திருந்தாள். மாநகரப் பேருந்து எண்கூடத் தெரிந்து வைத்திருந்தாள்.

அரையாண்டுத் தேர்வு. கணக்குத் தாளில் ஒரு கூம்பு. உயரம் பதினேழு. அக்கா அவசரத்தில் பதினொன்று என்று எடுத்தெழுதிவிட்டாள். எழுதிவிட்டு, அந்தப் பதினொன்றை வைத்துக் கடைசிவரை ஒரு பிசிறில்லாமல் போட்டு, தப்பான விடையைக் கட்டம் கட்டி முடித்திருந்தாள். அவளுக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தாளிலும் அதே பதினொன்று, அதே படிகள், அதே தப்பான விடை. கட்டம் உள்பட.

பின்னால் இருப்பவளால் முன்னால் இருப்பவள் தாளைப் பார்க்க முடியும். முன்னால் இருப்பவளால் முடியாது. இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் அப்பா ஸ்கூல் கமிட்டியில் இருந்தார். அவள் முதலில் அழுதாள். முதலில் அழுதவள் சொன்னது புகாரானது. அக்கா அழவில்லை. அதனால் அவள் அழுத்தக்காரி ஆனாள்.

அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். அப்பா ஷெட்டில் அரை நாள் லீவு போட்டு, கூட்டத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். என் வகுப்பு வாசலில் வந்து நின்று டீச்சரிடம் அனுமதி கேட்டு என்னையும் அழைத்துக்கொண்டார்.

"வா பாப்பா. பழி வரும்போது மனுஷன் எப்பிடி நிக்கணும்னு இன்னிக்குப் பாரு" என்றார்.

பாடம் பார்க்கப் போகிற உற்சாகத்தோடு நான் போனேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது.

தலைமையாசிரியை அறை உங்களுக்கு நினைவிருக்கும். பச்சைத் துணி விரித்த மேசை, கண்ணாடிக் குண்டு, சுவரில் பெண்டுலம் ஆடும் கடிகாரம். அக்கா ஓரமாக நின்றிருந்தாள். நான் கதவுப் பக்கம். அப்பா செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். யாரும் விடச் சொல்லவில்லை.

தலைமையாசிரியை இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்தார். "உங்க பொண்ணு இன்னொரு பொண்ணைப் பார்த்து எழுதியிருக்கான்னு புகார் வந்திருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

அப்பா நெஞ்சில் கை வைத்தார். மூன்று மூச்சு. கடிகாரம் மட்டும் கேட்டது.

"சொல்லுங்க" என்றார் அந்த அம்மா மறுபடியும். அவசரப்படுத்துகிற குரல் இல்லை அது. இப்போது நினைத்தால் அதில் ஏதோ ஒரு கெஞ்சல்கூட இருந்தது போலத் தோன்றுகிறது.

"தப்பு எங்க மேல இருந்தா மன்னிச்சிருங்கம்மா."

"இருந்தான்னா? இருக்கா, இல்லையா?"

"யார் மேல தப்புன்னு தராசு புடிக்க நான் வரலம்மா. என் பொண்ணால யாருக்காச்சும் மனக்கஷ்டம்னா அதுக்கு நான் தலை வணங்குறேன்." அப்பா இரண்டு கையையும் கூப்பித் தலையைத் தாழ்த்தினார்.

"அப்பா, நான் உக்காந்தது முன்—" என்று அக்கா ஆரம்பித்தாள்.

அவள் பார்வை அப்போது என் பக்கம் வந்தது. நான் கதவோரத்திலிருந்து, கண்ணை அகல விரித்து, என் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினேன். மூன்று மூச்சு, அக்கா. மறந்துவிடாதே.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அந்தச் சொல் பாதியில் நின்ற இடத்தில்தான் என் அக்காவின் படிப்பும் நின்றது. தலைமையாசிரியை ஒரு வெள்ளைத் தாளை மேசையில் தள்ளினார். "அப்ப அதையே எழுதிக் குடுத்துடுங்க" என்றார். குரல் தட்டையாகிவிட்டிருந்தது. அப்பா குனிந்து அந்த அழகான கையெழுத்தில் எழுதினார். 'என் மகள் அறியாமல் செய்த பிழையைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.' கீழே அக்காவையும் கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் போட்டாள். கிளார்க் வந்து பள்ளி முத்திரை குத்தி எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது அப்பா மிதந்துகொண்டு வந்தார். தாம்பரம் மார்க்கெட் பக்கம் வண்டியை நிறுத்தி மூவருக்கும் கரும்புச்சாறு வாங்கினார். "பாத்தியா பாப்பா, எவ்ளோ லேசா முடிஞ்சது? பழைய ஆளா இருந்தா அந்த மேசைய பொரட்டிப் போட்டுட்டு வந்திருப்பேன்" என்றார். அக்கா டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். ஈ மொய்த்தது. "வேணாமாக்கா?" என்று கேட்டேன். கொடுத்தாள். இரண்டையும் நானே குடித்தேன்.

வீட்டில் அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள். "அவ பாத்து எழுதினாளா?"

"இல்ல" என்றார் அப்பா.

"அது உனக்குத் தெரியுமா?"

"என் பொண்ண எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் இன்னாத்துக்கு எழுதிக் குடுத்துட்டு வந்த? உங்கப்பன் குனிஞ்சான், உங்க தாத்தன் குனிஞ்சான். குனியறதுக்கு நமக்கு யாரு புச்சா வந்து கத்துக் குடுக்கணும்? அந்த மாடிக்கு நீ போனது நிமிர்றதுக்கா, குனியறதுக்கா?"

அப்பா மூன்று மூச்சு விட்டார். "அப்ப நான் பழையபடி கைய நீட்டணுமா? அதான் வேணுமா உனக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

அம்மாவின் கை தானாக இடது காதுக்குப் போயிற்று. உள்ளே போய்விட்டாள். அப்பாவுக்கு இரண்டே வழி தெரியும். அடிப்பது, இல்லையென்றால் கும்பிடுவது. கையைத் தொங்கவிட்டபடி நின்று, 'யாரும்மா முன்னாடி உக்காந்திருந்தது?' என்று ஒரு கேள்வி கேட்பது மூன்றாவது வழி. அது அவருக்கும் தெரியவில்லை, அவரிடம் கற்றுக்கொண்ட எனக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்த ஒருத்தியை நாங்கள் இருவரும் சேர்ந்து வாயடைத்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அப்பா எழுந்து இதையெல்லாம் சொன்னார். வாரம் ஒருவர் தன் பயிற்சியைப் பற்றிப் பேசுவது அங்கே வழக்கம். நான் பாயில் முன்வரிசையில் இருந்தேன். பழியை எப்படி ஏற்றார், கை எப்படி நடுங்கவில்லை என்று அப்பா விவரித்தபோது பலர் தலையாட்டினார்கள். ஒருவர் "சாது சாது" என்று பாராட்டினார். சானடோரியம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஒரு அக்கா மட்டும் கையை உயர்த்தினார்.

"அண்ணா, உங்க பொண்ணு காப்பி அடிச்சுதா, அடிக்கலியா?"

"அது இங்க முக்கியம் இல்லம்மா. என் மனசு ஆடாம நின்னுதே, அதுதான்."

"உங்க மனசு ஆடல, சரி. பொண்ணு மனசு?"

அப்பா சிரித்தார். "அவளும் பழகிக்குவா."

"உங்க தலைய நீங்க குனியலாம்ணா. அடுத்தவங்க தலைய அமுக்கிக் குனிய வெச்சா அதுக்குப் பேரு பணிவு இல்ல" என்றார் நர்ஸ் அக்கா. "எங்க வார்டுல பக்கத்துக் கட்டில்காரன் வலியில கத்தும்போது நான் சமநிலையா இருக்கேன்னு ஒருத்தரு சொன்னா, அவர என்னான்னு சொல்லுவோம்?"

கூட்டத்தை நடத்தியவர் தொண்டையைச் செருமி, விவாதம் வேண்டாம், அமைதி காப்போம் என்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன். அந்த நர்ஸ் அக்காவுக்குச் சமநிலை போதவில்லை என்று மனதுக்குள் பரிதாபப்பட்டேன். பதினோரு வயதில் எனக்கிருந்த திமிரைச் சொல்கிறேன்.

பொதுத் தேர்வில் அக்கா கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. பின் பெஞ்சுப் பெண் நாற்பதைத் தாண்டவில்லை. அப்போதாவது யாருக்காவது உறைக்கும் என்று நினைத்தேன். பள்ளியில் கணக்குப் பிரிவு கேட்டுப் போனபோது கிளார்க் ஃபைலைத் திறந்து அப்பாவின் கடிதத்தைக் காட்டினார். இடமில்லை. மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் எல்லோருக்கும் 'நன்று' என்று எழுதுவார்கள். நன்றாக இல்லாதவர்களுக்கும் அதையேதான் எழுதுவார்கள். அக்காவுக்கு 'திருப்திகரம்' என்று எழுதியிருந்தார்கள். விஷயம் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும்.

பல்லாவரத்தில் இன்னொரு பள்ளியில் சேர்த்துக்கொள்ளக் கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டார்கள். கடைசியில் அந்தத் தலைமையாசிரியர், "திருப்திகரம்னு போட்டிருக்கே, ஏதாவது பிரச்சினையா?" என்று பேச்சுவாக்கில் கேட்டார். ஒன்றுமில்லை சார் என்றால் முடிந்திருக்கும். அப்பா பொய் சொல்லாமை என்ற சீலம் எடுத்தவர். ஒன்றுவிடாமல் சொன்னார். புகார் வந்ததை, கடிதம் கொடுத்ததை, மன்னிப்புக் கேட்டதை. அவள் செய்யவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. தற்பெருமை பேசுவது போலாகிவிடுமாம்.

அக்கா டைப்ரைட்டிங் கீழ்நிலை, மேல்நிலை இரண்டும் பாஸ் செய்தாள். பிறகு ஏற்றுமதித் துணிக் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. காலையில் கம்பெனி வேன், டியூப்லைட்டுக்குக் கீழே எட்டு மணி நேரம் நின்றபடி சட்டைகளில் பிசிறு தேடுவது. நான் படித்தேன். அதே பள்ளியில், பன்னிரண்டாம் வகுப்புவரை, நடத்தை 'நன்று' என்று வாங்கிக்கொண்டு. பிறகு கல்லூரி.

கல்லூரியில் இரண்டாம் வருஷம். தாம்பரம் ஸ்டேஷன் நடைமேடையில் நானும் அப்பாவும் மின்ரயிலுக்கு நின்றிருந்தோம். ஓய்வு பெற்றுவிட்ட தலைமையாசிரியை எங்களைக் கண்டு தானாகவே பக்கத்தில் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"பெரியவ என்ன பண்றா?" என்று கேட்டார்.

அப்பா சொன்னார்.

அந்த அம்மா தண்டவாளத்தைப் பார்த்தபடியே சொன்னார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா இருக்கு. உங்க பொண்ணு பார்த்து எழுதலன்னு தாளைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும். ஆனா கமிட்டிக்காரர் குடுத்த புகாரை நானா தள்ள முடியாது. பெத்தவங்க ஒத்துக்கலன்னா மறு பரீட்சை வைக்கலாம்னு விதி இருந்தது. நீங்க ஒரு வார்த்தை, 'இல்லைம்மா'ன்னு ஒரே வார்த்தை சொல்லுவீங்கன்னு ரெண்டு தடவை கேட்டேன். நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களே சார்."

அப்பா நெஞ்சில் கை வைத்தார். பிறகு கும்பிட்டார். ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் என்னிடம், "அவகிட்ட சொல்லாத பாப்பா. இப்ப மனசு அமைதியா இருக்கா. கலைக்காத" என்றார்.

அன்று சாயங்காலமே சொன்னேன். அவர் பேச்சை நான் மீறிய முதல் நாள் அது. எத்தனை வருஷம் தாமதம் பாருங்கள்.

அக்கா வேலையிலிருந்து வந்து சடையைக்கூட அவிழ்க்காமல் அப்பாவுக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள். கத்தவில்லை. "ஒரே ஒரு வரி சொல்லுங்கப்பா. 'என் பொண்ணு காப்பி அடிக்கல.' அங்க சொல்லியிருக்கணும். இங்கயாச்சும் சொல்லுங்க, நான் கேக்கறேன்."

அப்பா கையைக் கூப்பினார். "தெரிஞ்சோ தெரியாமலோ நான் செஞ்ச பிழை எல்லாத்துக்கும்—"

"எல்லாத்துக்கும் வேணாம். கைய எறக்குங்க. அந்த ஒரு வரி."

"நடந்தது நடந்துபோச்சும்மா. அதையே புடிச்சுக்கினு இருந்தா உனக்குத்தான துன்பம்."

அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா எழுந்து போய் முகம் கழுவினாள்.

எதிர்வீட்டு அத்தையிடம், தண்ணி லாரிக்காரரிடம், தன் சாதியைச் சொன்ன ஃபோர்மேனிடம்கூட மன்னிப்புக் கேட்ட மனிதர் அவர். பெற்ற மகளிடம் அந்த நான்கு சொற்களைச் சொல்ல முடியவில்லை. ஏன் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். தன் பயிற்சியிலேயே சிறந்த நாள் என்று அவர் பத்திரமாக வைத்திருந்த நாள் அது. அந்த வரியைச் சொன்னால் அந்த நாள் கையைவிட்டுப் போய்விடும். எட்டுக் காற்றுக்கும் அசையாத மலை என்று அவரைக் கூட்டத்தில் எல்லோரும் பேசிய அந்தப் புகழை விட அவருக்கு மனம் வரவில்லை. பணிவுக்குக் கிடைத்த பேரை இழக்க, அவரிடம் இல்லாத ஒரு பணிவு தேவைப்பட்டது. வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று வருஷம் கழித்து ஷெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு காலையில், சட்டைக்குப் பொத்தான் போடும்போதே மாரடைப்பு. அக்காதான் ஆட்டோ பிடித்தாள், அக்காதான் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். சிகிச்சைக்கெல்லாம் நேரமே இருக்கவில்லை. அந்த வரியும் அவரோடு போயிற்று.

அடுத்த ஞாயிறு சைக்கிள் கடை மாடியில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். பாய் போதாமல் படிக்கட்டுவரை ஆட்கள். எல்லோரும் பேசினார்கள். யாரையும் எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவர், யார் மனதையும் நோகடிக்காதவர், வீட்டிலும் வெளியிலும் ஒன்றுபோல இருந்தவர். எதிர்வீட்டு அத்தைகூட வந்திருந்து, "தங்கமான மன்சன். எவ்ளோ பேசினாலும் சிரிச்சிக்கினே பூடுவாரு" என்று அழுதாள். அத்தனையும் உண்மைதான். அம்மா வலது காதை முன்னால் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கூட்டத்தை நடத்தியவர் எங்கள் பக்கம் திரும்பி, குடும்பத்திலிருந்து யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவள், பேச வருகிறவள், அப்பாவின் செல்லம். நான் எழுவதற்குள் அக்கா எழுந்துவிட்டாள்.

கம்பெனிக்குக் கட்டுகிற சாதாரண நூல் புடவை. கைகளைக் கூப்பவில்லை, பின்னால் கட்டவுமில்லை. பக்கவாட்டில் தொங்கவிட்டிருந்தாள்.

"பத்தாவது அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில நான் யாரையும் பார்த்து எழுதல" என்றாள். "நான் முன் பெஞ்சு."

சொல்லிவிட்டு நின்றாள். பாயில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் யாரோ, "பாவம், அதிர்ச்சியில இன்னாவோ பேசுது" என்றார்கள்.

கூட்டத்தை நடத்தியவர் ரொம்பக் கனிவாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "பரவால்லம்மா. அப்பாவைப் பத்தி ஏதாச்சும் சொல்லேன்."

அக்கா அவரைப் பார்த்தாள். "அப்பாவைப் பத்திதான் சார் சொன்னேன்" என்றாள்.